முதலுக்கெல்லாம் முதல் உடல்நலம்



"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் பக்கத்துப் பழமொழி. வாணியன் என்றால் செக்கு ஆட்டி எண்ணெய் விற்பவர். நல்ல பண்டத்தை வாங்கிச் சாப்பிட்டால் வைத்தியருக்கு அழ வேண்டியதில்லை என்பது பொருள். வணிகர்களாகிய நமக்கு இதைவிடப் பெருமை தரும் பழமொழி கிடையாது. ஆனால் இன்று நம் கடைத்தெருவில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. வாணியன் சம்பாதித்ததை வைத்தியனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நாற்பது ஆண்டு கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த பணம், கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் நாலு நாள் படுக்கையில் கரைந்து விடுகிறது.

திருப்பனந்தாள் கடைத்தெருவில் அறுபதைத் தாண்டியவர்கள் நம்மில் பலர். கடையை ஆரம்பித்தபோது சைக்கிளில் சரக்கு ஏற்றி அணைக்கரை வரை போனவர்கள் நாம். இன்று பக்கத்துத் தெருவுக்கும் வண்டியை உதைக்கிறோம். வயதாவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வயதோடு வரும் நோய்களில் பெரும்பகுதியைத் தள்ளிப்போடலாம், சிலவற்றை வராமலே செய்யலாம் என்பது இன்று மருத்துவர்கள் கணக்கோடு சொல்லும் உண்மை. அந்தக் கணக்கை வணிகர்களுக்குப் புரியும் வகையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லாப் பெட்டியே பகை

காலை 7 மணிக்குக் கடை திறந்து இரவு 9 மணிக்குப் பூட்டும் வணிகர் ஒரு நாளில் 14 மணி நேரம் கடையில் இருக்கிறார். அதில் எழுந்து நடப்பது எவ்வளவு நேரம் என்று கூட்டிப் பார்த்தால் பலருக்கு அரை மணி கூடத் தேறாது. சரக்கு எடுப்பது பையன், மூட்டை தூக்குவது சுமைதூக்குவோர், வங்கிக்குப் போவது மகன். நாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே வியாபாரம் செய்யக் கற்றுக்கொண்டோம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்துக்கொண்டோம்.

இதில் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து நாட்டில் ஜெர்மி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய 31,000 பேர் அந்தக் கணக்கில் இருந்தார்கள். டிரைவரும் கண்டக்டரும் ஒரே வண்டியில் போகிறவர்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. வந்தவர்களில் உடனே இறந்தவர்களும் அவர்களிலேயே அதிகம். பிறகு தபால் இலாகாவைப் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுப்பவர்களைவிட, அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு இதய நோய் அதிகம். உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கணக்கோடு அறிந்துகொண்டது இந்த ஆராய்ச்சியிலிருந்துதான். 1910-இல் பிறந்த அந்த மருத்துவர் தம் சொல்லைத் தாமே கடைப்பிடித்து 2009 வரை, 99 வயது வாழ்ந்தார்.

நம் கடையில் நாம்தான் டிரைவர். சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையன்தான் கண்டக்டர். இதை மறக்கக் கூடாது.

என்ன செய்யலாம்? அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கடைக்குள் ஒரு சுற்று நடந்து வரலாம். இருப்புப் பார்த்தது போலவும் ஆகும். போனில் பேசும்போது நின்றுகொண்டு பேசலாம். குடிதண்ணீர்ப் பானையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காமல் கடையின் கோடியில் வைக்கலாம். வாடிக்கையாளர் கேட்கும் 10 பண்டத்தில் 2 பண்டத்தையாவது நாமே எழுந்து எடுத்துக் கொடுக்கலாம்.

இது போக, நடைப்பயிற்சி தனியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரைப்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. அதாவது வாரத்தில் 5 நாள், நாளுக்கு அரை மணிக்குக் குறையாமல். மூச்சு சற்று வாங்க வேண்டும். ஆனால் பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். அதுதான் சரியான வேகம். தமிழக அரசு 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நம் ஊரில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. செஞ்சடையப்பர் கோயில் வீதிகளும் காசி மடத்துத் தெருக்களும் மண்ணியாற்றுக் கரையும் இருக்கின்றன. சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் மட்டும் விடியற்காலை இருட்டில் நடக்க வேண்டாம். லாரிகள் வரும் வேகம் நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் உட்கார்ந்து கெடுகிறோம். நம்மிடம் வேலை பார்ப்பவர்களோ நாள் முழுவதும் நின்று கெடுகிறார்கள். காலில் நரம்பு சுருண்டு அவதிப்படும் விற்பனையாளர்கள் எத்தனை பேர்! 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் செய்து, பணியாளர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நாம் எழுந்து அவர்களுக்குக் கொஞ்சம் நாற்காலியைக் கொடுத்தால் இரு தரப்புக்கும் நலம்.

விழாமல் இருப்பதும் ஒரு பயிற்சி

நம் ஊர்க் கோயிலில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தை மன்னனின் யானைகளாலும் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலய நாயனார் கழுத்தில் கயிறு கட்டி இழுக்க நிமிர்ந்தது என்பது வரலாறு. நம் முதுகு சாய்ந்தால் நிமிர்த்த அப்படி ஒருவர் வரப்போவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது வயதுக்கு மேல் உடம்பில் சதை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறது. தொடைச் சதை குறைந்தால் நடை தடுமாறும். தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். இடுப்பு முறிந்து படுத்த முதியவர்களில் பலரால் பழையபடி எழுந்து நடமாட முடிவதில்லை. ஆகவே 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 3 நாளாவது தசைவலுவுக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம்.

இதற்குப் பணம் கட்டிச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். 10 தடவை, காலையும் மாலையும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நில்லுங்கள். ஒற்றைக் காலில் 10 எண்ணும் வரை நின்று பழகுங்கள். பிடிக்கச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கடையிலும் வீட்டிலும் விழும் இடங்களை அடைத்து விட வேண்டும். குளியலறையில் பிடிமானக் கம்பி, வாசற்படியில் விளக்கு, நடைவழியில் மூட்டை அடுக்காமை, எண்ணெய் சிந்திய இடத்தை உடனே துடைத்தல் ஆகியவை சிறிய காரியங்கள். பரணில் ஏணி போட்டு ஏறுவதை 60 வயதோடு நிறுத்திக்கொள்ளலாம். அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்குவதும் அப்படித்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ சிப்பம் போட்டோமே, அந்தச் சிப்பம் கையில் எடுக்க லேசாகத் தெரியும். முதுகு அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சோறுடைத்த நாட்டில் சோற்றின் அளவு

காவிரிக் கரையில் பிறந்து சோற்றைக் குறை சொல்வது யாருக்கும் வராது. அக்கரையில் ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டு கடந்து விட்டது. அங்கே பிறந்த ஆடுதுறை ரகங்களை விற்றுப் பிழைத்தவர்கள் நாம். ஆனால் அன்று அந்தச் சோற்றைத் தின்றவர்கள் நடவு நட்டார்கள், போர் அடித்தார்கள், மூட்டை சுமந்தார்கள். உழைப்பு போய் விட்டது. சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டோரை ஏறக்குறைய பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று அது கூறியது. எல்லாப் பகுதிகளையும்விட நம் தெற்காசியாவில்தான் அந்த வேறுபாடு மிகுதி. 450 கிராம் சோறு என்பது நம் வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தீட்டிய அரிசியின் குறை இன்று நேற்றுத் தெரிந்தது அன்று. 1890-களில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். தவிட்டில் உள்ள சத்து அரைவையில் போய் விடுகிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது. அதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் முன்னோர் நெல்லைப் புழுக்கிக் குத்தியதால் அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே தங்கியது. இன்று பளபளவென்று வெள்ளையாக இருந்தால்தான் அரிசி விலை போகிறது. இதில் வாங்குபவருக்கும் பங்குண்டு, விற்கும் நமக்கும் பங்குண்டு.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் அவர்கள் 2018-இல் மறையும் வரை பாடுபட்டு 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்றவை இன்று நம் கடைகளில் விலை போவது அதனால்தான். அவற்றைத் தவிடு நீக்காமல் உண்பது நல்லது. ஆனால் "இது சர்க்கரைக்கு மருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லி விற்பது வணிக தர்மம் ஆகாது. எந்த அரிசியானாலும் அளவுதான் முக்கியம். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். அதில் மருந்தைவிட உணவின் அளவைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது.

இலையில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, காயையும் கீரையையும் இரண்டு பங்காக்குங்கள். பருப்பு, பயறு, மோர், முட்டை, மீன் இவற்றில் வழக்கமுள்ளது ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். வயதானவர்களுக்கு உடம்பில் சதை நிற்கப் புரதச் சத்து வேண்டும். ரசம் சோறு மட்டும் போதாது. பகல் சாப்பாட்டை 3 மணிக்கும் இரவுச் சாப்பாட்டை 10 மணிக்கும் உண்ணும் வழக்கத்தை விட்டு, 1 மணிக்கும் 8 மணிக்கும் கொண்டுவர வேண்டும். கடையில் ஆள் இல்லையே என்றால், இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சாப்பிடலாம்.

டீயில் கரையும் ஒரு மூட்டை

பார்ட்டி வந்தால் டீ, லாரி வந்தால் டீ, வரி கட்டி வந்தால் டீ. ஒரு வணிகர் நாளுக்கு 6 டீ குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டீக்கு 10 கிராம் வீதம் சர்க்கரை 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம். ஆண்டுக்கு ஏறக்குறைய 22 கிலோ! ஒரு சிப்பத்துக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை, டீயிலேயே வயிற்றுக்குள் போகிறது. இனிப்பு, வடை, பஜ்ஜி இதில் சேரவில்லை. சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் மிக நல்லது என்கிறார்கள். டீயை 2 ஆகக் குறைத்து, சர்க்கரையைப் பாதியாக்கினால் கணக்கு நேராகி விடும். வருபவருக்கு மோர், எலுமிச்சைச் சாறு, சுக்குத் தண்ணீர் கொடுத்தால் மரியாதை குறையாது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தத்தில் சர்க்கரைதான். அவற்றில் ஏமாற வேண்டாம்.

உப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 4 பேர் உள்ள குடும்பத்துக்கு நாளுக்கு 20 கிராம். 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். நம் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று இந்த மாதம் குறித்துப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு இவற்றின் உப்பு தனி. உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் குறைவது மாத்திரை போட்டது போல நிச்சயமான பலன். எண்ணெயும் அவ்வாறே. ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது விஷம். வடைக்கடைக்கு டின் கணக்கில் எண்ணெய் விற்கும் நாம் இதைச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

பாக்கும் புகையிலையும்

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்துக்குப் பெருமை. தாம்பூலம் நம் மரியாதை, அதில் குற்றமில்லை. ஆனால் விடாமல் மெல்லும் பாக்கு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலே கூறி விட்டது. புகையிலை சேராமல் போட்டாலும் ஆபத்துதான். சேர்த்தால் ஆபத்து பல மடங்கு. வாய் முழுதாகத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிச்சல், வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இவற்றில் எது தெரிந்தாலும் பல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். பீடி, சிகரெட்டை எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு. அறுபதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்பது தவறான பேச்சு; விட்ட ஓராண்டுக்குள்ளேயே மாரடைப்பு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

உடம்பின் ஐந்தொகை

ஆண்டுக்கு ஒரு முறை ஐந்தொகை எடுக்காத வணிகர் உண்டா? உடம்புக்கு எடுக்காதவர்கள்தான் நம்மில் அதிகம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். வலி வந்த பிறகு தெரிந்துகொள்வது, கடை திவாலான பிறகு பேரேட்டைப் புரட்டுவது போல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. வாசலில் நிற்பவர்கள் திரும்பி வர முடியுமா? முடியும் என்று காட்டியது சென்னை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளிவந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 3 ஆண்டில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட பிரிவிலும் ஏறக்குறைய இதே பலன்தான். அதாவது, நடையும் வாய்க்கட்டும் மாத்திரைக்கு ஈடாக நின்றன. இது வெள்ளைக்காரர் நாட்டுக் கணக்கு அன்று. நம் சோறும் குழம்பும் சாப்பிட்டவர்களின் கணக்கு.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் சிலவே. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100-க்குள் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் 6.5 நீரிழிவின் எல்லை. இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யாமல் மறுமுறையும் பார்த்து உறுதி செய்வார்கள். பரிசோதனைக்குப் பணமில்லை என்றும் சொல்ல முடியாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். அதை ஏழைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, கடையில் இருந்தபடியே "பிறகு வாருங்கள்" என்று அனுப்பியவர்கள் நம்மில் உண்டு.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகப் போட வேண்டும். "இப்போது சரியாக இருக்கிறது" என்று நாமே நிறுத்துவது, பக்கத்துக் கடைக்காரர் மாத்திரையை வாங்கிப் போடுவது, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வலிமாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது ஆகிய மூன்றும் ஆகாது. கடைசியில் சொன்னது சிறுநீரகத்தைக் கெடுத்து விடும். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். இரவில் படுக்கும் முன் பாதங்களைப் பார்க்க வேண்டும். செருப்பை வாசலில் விட்டுக் கடைக்குள் வெறுங்காலோடு நிற்பது நம் வழக்கம். உணர்ச்சி குறைந்த காலில் முள்ளோ ஆணியோ குத்தினால் தெரியாது. உள்ளே போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் இலட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வாயு என்று நினைத்த வலி

நம் டெல்டாவில் ஒரு மளிகை வணிகர். வயது 58. மாலை 7 மணிக்கு நெஞ்சில் பாரம், வியர்வை. வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்தார். வியாபார நேரம், கடையை விட்டு எழ மனமில்லை. 9 மணிக்குக் கடை பூட்டி வீட்டுக்குப் போனார், விடியற்காலை இல்லை. அதோடு முடியவில்லை. எந்த ஊரில் யார் எவ்வளவு பாக்கி என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. கொடுக்க வேண்டியவர்கள் கேட்டு வந்தார்கள். தர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஓராண்டில் கடையை மூடினார்கள்.

நடுநெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகில் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் இவை மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். சோடாவைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தாமே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வகை செய்தது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். ஆகவே ஊர் வைத்தியம் பார்த்து இரவைக் கழிக்கக் கூடாது.

தூக்கமும் மனமும்

இரவு 11 மணிக்குப் படுக்கையில் புரண்டு வராத பாக்கியைக் கூட்டிக்கொண்டிருப்பது நம் தொழில் நோய். கணக்கைக் கடையிலேயே எழுதி முடித்துப் பூட்டி விட்டு வர வேண்டும். 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். பலத்த குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள், அல்லது அரை நாளாவது, கடையை அடைத்துக் குடும்பத்தோடு இருக்க வேண்டும். ஆன்லைன் வியாபாரம் வந்து விட்டதே, விடுமுறை விட்டால் வாடிக்கை போய் விடுமே என்று அஞ்சுகிறோம். ஆள் போய் விட்டால் வாடிக்கை இருந்து என்ன பயன்?

வயதான பின் முற்றிலும் ஓய்வெடுத்து வீட்டில் முடங்குவதும் நல்லதில்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 58-ஆம் வயதில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் கோணிய விரல்களோடு கண் அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். வேலை மனிதனைக் காப்பாற்றும். ஆனால் பாரத்தைப் பங்கிட வேண்டும். பிள்ளைகளிடம் சாவியோடு கணக்கையும் இப்போதே சொல்லிக் கொடுங்கள். பாக்கிப் பட்டியல், வங்கிக் கணக்கு, காப்பீடு, போட்டுவரும் மாத்திரைகள் இவற்றை ஒரு நோட்டில் எழுதி, எங்கே இருக்கிறது என்பதை வீட்டம்மாவிடம் தெரிவியுங்கள். அன்று இரவே தூக்கம் நன்றாக வரும்.

இன்று முதல் செய்ய வேண்டியவை

1. நாளுக்கு அரை மணி நடை. அரை மணிக்கு ஒரு முறை கல்லாவிலிருந்து எழுதல்.
2. கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, காலையும் மாலையும் 10 தடவை.
3. சோறு பாதி, காய்கறி இரட்டிப்பு, வேளைக்கு ஒரு புரதம்.
4. டீ இரண்டு, உப்புப் பாக்கெட் 50 நாள்.
5. பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட், மது விலக்கு.
6. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர், சிறுநீரை அடக்காமை.
7. ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை, அழுத்தம், கண், பல் பரிசோதனை.
8. 7 மணி நேரத் தூக்கம்; வாரம் ஒரு விடுமுறை.
9. நெஞ்சுவலிக்கு 108, சோடா அன்று.
10. கணக்கு தலைக்குள் வேண்டாம், நோட்டில் வேண்டும்.

இவற்றில் பத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் ஆண்டுக்குள் பழக்கமாகி விடும். சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் எடை பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கி வைத்தால், சந்தா கட்ட வரும் உறுப்பினர் அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். செலவு ஒரு சாதாரணக் கூட்டத்துக்கு ஆகும் டீ, வடைச் செலவைவிடப் பெரிதாக இராது. அதனால் ஒரு வணிகர் பிழைத்தாலும் ஒரு கடை திறந்திருக்கும், ஒரு குடும்பம் தலை நிமிர்ந்திருக்கும்.

சித்திரையிலும் தீபாவளியிலும் புதுக்கணக்கு எழுதுகிறோம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நம் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் தேதி போட்டு எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு அதே பக்கத்தைப் பார்த்து இலாப நட்டம் தெரிந்துகொள்வோம்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். வணிகம் வளரட்டும், வணிகர் நலமுடன் வாழட்டும்!